இடைப்படங்கள்

33 வயதில் ஒரு பந்தைக் குதிக்க வைக்கக் கற்றுக்கொள்வதில் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. கோடம்பாக்கத்தில் ஒரு மாடியறை, பத்துப் பன்னிரண்டு கணிப்பொறிகள், என்னைத் தவிர மற்ற எல்லோரும் இருபது வயதைச் சுற்றியவர்கள். பகலில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. மாலையில் அங்கே போய் உட்காருவேன். 2022 ஜூனில் சேர்ந்தேன். ஏன் என்பதற்கு ஒழுங்கான காரணம் எதுவும் அப்போது இல்லை. அசையாத எழுத்துக்களை வரிசைப்படுத்தியே நாட்கள் போகின்றன, அசைகிற எதையாவது செய்து பார்ப்போம் என்று தோன்றியிருக்கலாம். இதை ஒரு கலைஞனின் தேடல் என்ற ரீதியில் சொல்லிக்கொள்ள விருப்பமில்லை. மாதத் தவணையில் பணம் கட்டிச் சேர்ந்த வகுப்பு அது.

பயிற்சிக்குத் தந்த சாதனம் பிளெண்டர். நெதர்லாந்தில் டோன் ரோசன்டால் என்பவர் உருவாக்கியது. அதை விற்றுக்கொண்டிருந்த கம்பெனி மூடப்பட்டபின், 2002-ல், உபயோகித்தவர்களே ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டி அதை மீட்டுப் பொதுவில் வைத்துவிட்டார்கள். இன்று யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். (சந்தா சேர்த்துப் பத்திரிகை நடத்தித் தோற்றவர்களுக்கு இந்தச் செய்தி கொஞ்சம் பொறாமை தரக்கூடும்.) 2025-ல் ஆஸ்கர் பெற்ற லாட்வியப் படம் ‘ஃப்ளோ’ இதில் செய்யப்பட்டதுதான். ஒரு பூனை, ஒரு வெள்ளம், படம் முழுக்க வசனமே கிடையாது.

முதல் பாடம் பந்து. பந்து உயரத்தில் இருக்கும் நிலையை முதல் ஃப்ரேமில் குறிக்கிறோம். தரையைத் தொடும் நிலையைப் பன்னிரண்டாவது ஃப்ரேமில். பிறகு மறுபடி உயரம். இந்தக் குறிப்புகளுக்குக் கீ என்று பெயர். இடையில் வரவேண்டியவற்றை யந்திரமே போட்டுக்கொள்கிறது. ஓட்டிப் பார்த்தால் பந்து குதிப்பதில்லை. பலூன் மாதிரி மெல்ல இறங்கி, தரையருகே தயங்கி, மெல்ல ஏறுகிறது. இரண்டு நிலைகளுக்கு நடுவே யந்திரம் எப்போதும் ஒரே மாதிரியான வளைவைத்தான் போடும். மெதுவாகப் புறப்பட்டு, நடுவில் வேகம் கொண்டு, மெதுவாகப் போய்ச் சேரும். பந்தானாலும் இறகானாலும் அதே உபசாரம். நிஜப் பந்து தரையைத் தொடும் கணத்தில்தான் அதன் உச்ச வேகத்தில் இருக்கிறது. ஆகவே கிராஃப் எடிட்டர் என்ற ஜன்னலைத் திறந்து, அந்த வளைவைத் தரையைத் தொடும் இடத்தில் உடைக்க வேண்டும். கோடு அங்கே கூராகிறது. உடனே பந்துக்கு எடை வந்துவிடுகிறது. படத்தில் எதுவும் மாறவில்லை. அதே வட்டம், அதே தரை. நான் அன்றிரவு மின்சார ரயிலில் வீடு திரும்பும்போது, இத்தனை வருஷம் எதையும் சரியாகப் பார்த்ததில்லையோ என்று நினைத்துக்கொண்டேன். இப்படி நினைப்பது சுலபமான காரியம் என்பது பின்னால் தெரிந்தது.

கையால் வரைந்த காலத்தில் இந்த வேலை இரண்டு ஜாதியாகப் பிரிந்திருந்தது. அமெரிக்க ஸ்டூடியோக்களில் பெரிய கலைஞன் முக்கிய நிலைகளை மட்டும் வரைவான். இடைப்படங்களை வரைய வேறு ஆட்கள் உண்டு. ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 12 படம். அதில் இரண்டு மூன்றுதான் பெரியவருடையது. மிச்சம், பெயர் வெளிவராதவர்களுடையது. பிற்பாடு கூலி குறைவென்று ஆசிய நாடுகளுக்கு வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் இந்த மிச்சம்தான். கனடாவில் ஃபிலிமின் மேலேயே நேரடியாக வரைந்தும் கீறியும் படம் செய்த நார்மன் மெக்லாரனோ இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு ஃப்ரேமிலும் என்ன இருக்கிறது என்பதைவிட, ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதே அவருக்கு முக்கியம். இதைக் கேட்டதும் நமக்குக் கவிதை பற்றிப் பேச வாய் ஊறுகிறது. வரிகளுக்கு இடையிலான மௌனத்தைப் பற்றி எழுதி எழுதி அந்த வார்த்தையையே நாம் பாழடித்துவிட்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

இடைவெளி பற்றி எனக்குத் தெரிந்த ஸ்தூலமான ஒரே விஷயம் என் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா கம்பாசிட்டர். கையால் அச்சுக் கோத்தவர். திருவல்லிக்கேணியில் ஒரு சிறு அச்சகத்தில் பத்தொன்பது வயதில் சேர்ந்து, கணிப்பொறி வந்து அந்த அச்சகத்தை மூடும்வரை அங்கேயே இருந்தார். கோக்கும்போது வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் விடுகிற இடம் வெறும் இடம் அல்லவாம். அதுவும் ஈயத்துண்டுதான். எழுத்தைவிட உயரம் குறைவு, அதனால் மை படாது, காகிதத்தில் தெரியாது. ஆனால் எடை உண்டு, கனம் உண்டு, தனிக் கட்டம் உண்டு. வரியில் அது போதாமல் போனால் வரி தளர்ந்து, தூக்கும்போது எழுத்துக்கள் கொட்டிவிடும். ‘லைன் தளர்ந்திருக்கு’ என்பது எங்கள் வீட்டில் பல விஷயங்களுக்குப் பயன்பட்ட வாசகம். அரைகுறையாகக் கட்டிய வேட்டிக்கும், என் படிப்புக்கும், சில உறவினர்களுக்கும்.

கோப்பவரின் இடது கையில் ஸ்டிக் இருக்கும். வலது கை கேஸிலிருந்து எழுத்தைப் பொறுக்கி அதில் வைக்கும். இடது முழங்கை மடங்கியபடி, விலாவோடு ஒட்டினாற்போல, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

நான்காவது மாதம் நடைப் பயிற்சி. அனிமேஷன் கற்பவனுக்கு இதுதான் பெரிய பரீட்சை. நான்கு நிலைகள்: முன் கால் தரையைத் தொடும் நிலை, உடல் தாழும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் எழும்பும் நிலை. சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 ஃப்ரேம், விநாடிக்கு இரண்டு அடி. வலது கால் முன்னால் போகும்போது இடது கை முன்னால் வரும். ரிச்சர்ட் வில்லியம்ஸின் 2001-ஆம் வருஷத்துப் புத்தகம் இந்தத் துறையில் கிட்டத்தட்ட நன்னூல் மாதிரி. அதில் நடைக்கே பல பக்கங்கள் உண்டு. நல்ல இலக்கணம்தான். ஆனால் எந்த ஊர் நடையின் இலக்கணம் என்று கேட்கத் தோன்றியது. 1956-ல் டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் பம்பாய்க்கு வந்து ஃபிலிம்ஸ் டிவிஷனில் கார்ட்டூன் பிரிவுக்குக் கற்றுக்கொடுத்தார். 1957-ல் ‘தி பானியன் டியர்’ படம் வந்தது, ராம் மோகன் போன்றவர்கள் அங்கே உருவானார்கள். நமக்கு வந்து சேர்ந்த நடை பெரிதும் அந்தக் கலிஃபோர்னிய நடை. இரண்டு கையும் காலியாக, தோள் நிமிர்ந்து, வீசி நடக்கிற நடை. மாம்பலத்தில் சாயங்காலம் நின்று பாருங்கள். இரண்டு கையும் வீசி நடப்பவர் எத்தனை பேர்? ஒரு கையில் பை, அல்லது குடை, அல்லது குழந்தை. எதுவுமில்லை என்றால் வேட்டி நுனி. வகுப்பில் இதைச் சொன்னேன். ‘முதல்ல ஸ்டாண்டர்ட் நடை வரட்டும் சார்’ என்றார் பயிற்சியாளர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். நியாயமான பதில்தான்.

தெரிந்த ஒருவரை நடக்கச் சொல்லிப் படம் எடுத்து, அதைப் பார்த்து நடை அமைக்க வேண்டும் என்பது பயிற்சி. நான் அப்பாவை எடுத்தேன். எங்கள் தெருவில், காலை ஏழு மணி, பால் பாக்கெட் வாங்கப் போகுமுன். கை காலியாக இருக்க வேண்டும் என்று பையை வாங்கி வைத்துக்கொண்டேன். எதிர் வீட்டுச் சுவரில் ஃபோனைச் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் மூன்று தடவை நடக்க வைத்தேன். ‘இதுக்கா பணம் கட்டறே’ என்றார். மூன்றாவது தடவை கொஞ்சம் வெட்கத்தோடு நடந்தார்.

பிறகு நாற்பது மணி நேரம் அந்த நடையைப் பார்த்தேன். மிகைப்படுத்தவில்லை. மூன்று வாரம், தினம் இரண்டு மணி நேரம், ஒரு ஃப்ரேம் முன்னால், ஒரு ஃப்ரேம் பின்னால். 1880-களில் பாரிஸில் எத்தியென் மாரே, ஒரு மனிதனுக்குக் கறுப்பு உடை மாட்டி, கை கால்களின் நெடுக வெள்ளைக் கோடு ஒட்டி, கறுப்புப் பின்னணியில் நடக்கவிட்டு ஒரே தட்டில் பல தடவை படம் எடுத்தார். மனிதன் மறைந்து கோடுகள் மட்டும் நடந்தன. கணிப்பொறியில் நாங்கள் பூட்டுகிற எலும்புக்கூடும் அந்த மாதிரிதான். தோளுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் கிராஃபில் ஒரு கோடு. அப்பாவின் வலது தோளுக்கு அழகான அலை வந்தது. இடது தோளுக்கு ஏறக்குறைய நேர்க்கோடு. கை மடங்கி, விலாவை ஒட்டி, அப்படியே இருந்தது.

இதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் ஏற்படவில்லை. ஸ்டிக் பிடித்த கை. இன்னும் இறக்கி வைக்கவில்லை. இந்த நினைப்பு எனக்கு மிகவும் பிடித்தும் இருந்தது. ஒரு தொழில் உடம்பில் தங்கிப்போவது பற்றி நான்கு வரி எழுதிக்கூட வைத்தேன். அது படிமமாக அமைந்துவிட்டது. அமைந்த பிறகு கையை யார் பார்க்கிறார்கள்?

பயிற்சியாளர் ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘ரெஃபரன்ஸ்ல கை ஆடலையே, அதனால நடை செத்துப்போச்சு. சரி பண்ணிடுங்க’ என்றார். சரி பண்ணுவது மிகச் சுலபம். வலது அடி ஒன்றைச் செய்து முடித்தால், அந்த நிலையை நகல் எடுத்து, இடம் வலமாகத் திருப்பி ஒட்டும் வசதி பிளெண்டரில் இருக்கிறது. இரண்டு விசைகளை அமுக்கிக்கொண்டு மூன்றாவதைத் தட்ட வேண்டும். இடது பாதி தானாக வந்துவிடும். தட்டினேன். அப்பாவின் இடது கை ஆடியது. வகுப்பில் கைதட்டினார்கள். அன்று இரவு வீட்டில் காட்டினேன். அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து பார்த்தாள். முகம் இல்லாத, சாம்பல் நிற பொம்மை. ஒரே இடத்தில் நடந்துகொண்டே இருந்தது. ‘கல்யாணமான புதுசுல அப்பா இப்படித்தான் நடப்பார்’ என்றாள். அப்பா சிரித்தார். இது என் வாழ்க்கையில் நான் பெற்ற மிகச் சிறந்த விமர்சனம் என்று நினைத்தேன். அதில் ஒளிந்திருந்த கேள்வி அன்று எங்கள் மூவரில் யாருக்கும் எட்டவில்லை.

அடுத்த வருஷம் அப்பாவின் கையெழுத்து சின்னதாகிக்கொண்டு வந்தது. பால் கணக்கு எழுதும் டயரியில் வரி ஆரம்பத்தில் ஒரு அளவு, முடிவில் எறும்பு. கண்ணாடி மாற்றினோம். பிறகு சட்டைப் பொத்தான் போட நேரமானது. 2023 நவம்பரில் நரம்பு மருத்துவரிடம் போனோம். அவர் நாடி பார்க்குமுன், எந்தக் கேள்வியும் கேட்குமுன், ‘கொஞ்சம் அந்தக் கதவு வரைக்கும் நடந்துட்டு வாங்க’ என்றார். பக்கவாட்டில் நின்று பார்த்தார். போய்த் திரும்பி வருவதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ‘இந்தக் கை எவ்வளவு நாளா ஆடறதில்லை?’ என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். அப்பா கையைப் பார்த்துக்கொண்டார். என்னிடம் துல்லியமான பதில் இருந்தது, தேதி, மணி, ஃப்ரேம் எண் உள்பட. ‘நடை_அப்பா_03’ என்ற பெயரில் வீட்டுக் கணிப்பொறியில் இருந்தது. நான் பேசவில்லை.

பார்க்கின்சன் நோய். ஒரு பக்கத்துக் கை வீச்சு குறைவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. முன்னமே வந்திருந்தால், என்று பிறகு தனியாகக் கேட்டேன். மருந்து அறிகுறிகளைத்தான் குறைக்கும், நோயின் போக்கைத் தடுக்காது, அதனால் பெரிதாக எதையும் இழந்துவிடவில்லை என்றார். அவர் கருணையுள்ளவர். என் சங்கடம் வேறு. நாற்பது மணி நேரம் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல வழியில்லை. பார்த்ததைத் திருத்தினேன்.

கொஞ்ச நாள் சித்தாந்தத்தில் ஒளிந்துகொண்டேன். நம்மைப் போன்றவர்களுக்கு அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1878-ல் கலிஃபோர்னியாவில் மைப்ரிட்ஜ் 12 காமிராக்களை வரிசையாக வைத்து ஓடும் குதிரையைப் படம் எடுத்தார். நான்கு காலும் தரையை விட்டு எழும்பும் கணம் உண்டு என்று நிரூபணமாயிற்று. ஆனால் அது கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கும் கணம். ஜெரிக்கோ 1821-ல் வரைந்த பந்தயக் குதிரைகளோ கால்களை முன்னும் பின்னும் நீட்டிப் பறக்கின்றன. ஓவியன் பொய் சொல்லிவிட்டான் என்று ஒரு கட்சி. சிற்பி ரோடின் இதை ஒப்பவில்லை. காலம் எங்கும் நிற்பதில்லை, நிறுத்திக் காட்டும் புகைப்படம்தான் பொய், ஓவியன் சொன்னதே நிஜம் என்பது அவர் கட்சி. 1911-ல் வெளியான அவருடைய உரையாடல்களில் வருகிறது. நான் ரோடினைச் சாட்சிக்கு அழைத்தேன். நானும் அப்பாவின் நடையின் சாரத்தைத்தான் பிடித்தேன், அம்மாவே அடையாளம் கண்டாளே, என்று வாதாடினேன். இரண்டு வாரம் தாங்கியது. ரோடின் தன் கண்ணால் பார்த்துத் திருத்தினார். நான் மூன்று விசைகளைத் தட்டினேன்.

இந்த நோய்க்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டன் மருத்துவர். 1817-ல் ஒரு சிறு நூல் எழுதினார். அவர் விவரிப்பது மொத்தம் ஆறு பேரை. அந்த ஆறில் சிலரை அவர் மருத்துவராகப் பரிசோதிக்கவே இல்லை, தெருவில் பார்த்ததுதான். ஒருவரைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. முன்னால் சாய்ந்த உடம்பு, ஓடத் தலைப்படுகிற காலடி, நடுங்கும் கை. காமிரா கண்டுபிடிக்கப்படாத காலம். தெருவில் போகிற யாரோ ஒருவரின் நடையை அந்த மனிதர் எப்படிப் பார்த்திருப்பார் என்பதை என்னால் இன்னும் சரியாகக் கற்பனை செய்ய முடியவில்லை. திருத்துவதற்கு அவரிடம் எந்த ஸ்டாண்டர்ட் நடையும் இருந்திராதா? இருந்திருக்கும். அதோடு ஒத்துப்போகாததுதான் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

வகுப்பை 2023 கடைசியில் முடித்தேன். சான்றிதழ் கொடுத்தார்கள். வேலைக்கு முயலவில்லை. இப்போது இடைப்படங்களை யந்திரம் போடுவது பழைய செய்தியாகி, நடையையே கேட்டால் போட்டுக் கொடுக்கிறது. கோடிக்கணக்கான நடைகளைப் பார்த்த யந்திரம். அதனிடம் அப்பாவின் இடது கையைக் கொடுத்தால் மிகுந்த பணிவோடு ஆட்டிக் கொடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. என் பயிற்சியாளரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

இந்த வருஷம் அப்பாவுக்குப் புதிதாக ஒன்று. வாசல்படி அருகில் வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடுகிறது. மேல் உடம்பு போகப் பார்க்கிறது, கால் வருவதில்லை. தரையில் குறுக்குக் கோடுகள் போடுங்கள், அதைத் தாண்டச் சொல்லுங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட். வெறும் தரையில் வராத கால், கோட்டைக் கண்டால் எழும்பும். இது மருத்துவர்களுக்கு வெகு காலமாகத் தெரிந்த விஷயமாம். கூடத்திலிருந்து வாசல் வரை சாக்கட்டியால் ஒன்றேகால் அடிக்கு ஒன்றாக ஏழு கோடு போட்டேன். அப்பா முதல் கோட்டின் முன் நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு தாண்டினார். அடுத்தது. அடுத்தது. வாசலைக் கடந்து திண்ணைக்குப் போய்விட்டார். அங்கே நின்று திரும்பிப் பார்த்தார், யார் தூக்கிவிட்டது என்பது போல. சாக்கட்டி நாள் முழுக்கக் கால் பட்டு அழிந்துவிடுகிறது என்று அம்மா தினம் காலையில் வாசல் கோலம் முடித்த கையோடு உள்ளேயும் மாக்கோடு இழுத்துவிடுகிறாள். இடைவெளி மாறாமல் வருகிறது. ஸ்கேல் வைப்பதில்லை.

நான் அந்த 2022 படத்தை மறுபடி எடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன். யாரும் கேட்கவில்லை. திருப்பி ஒட்டாமல், இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக. இடது கையின் கோடு நான் நினைத்த மாதிரி நேர்க்கோடு அல்ல. உற்றுப் பார்த்தால் கட்டைவிரலருகில் மிகச் சின்ன அசைவு ஒன்று ஓடுகிறது, ஐந்து ஃப்ரேமுக்கு ஒரு தடவை. இந்த நடுக்கம் விநாடிக்கு நான்கு முதல் ஆறு தடவை வரும் என்று படித்தபோது கணக்கு ஒத்துப்போயிற்று. வேலை மெல்லத்தான் நகர்கிறது. இரண்டு அடி எடுத்து வைக்க எனக்கு ஒரு மாதம் ஆகிறது. பழைய நடைக்குப் பின்னால் இப்போதைய நடையையும் சேர்க்கலாமா என்று யோசித்து, வாசல்படியில் நிற்பதை மட்டும் செய்து பார்த்தேன்.

போன வாரம் அப்பாவிடம் காட்டினேன். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு, புரூஃப் பார்க்கிற மாதிரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, நான்கைந்து தடவை ஓட்டச் சொன்னார். கையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பொம்மை வாசல்படிக்கு வந்து நிற்கிற இடத்தில் விரலை வைத்தார். விரல் திரையில் நடுங்கியது.

‘இங்கே லைன் தளர்ந்திருக்குடா. ஒரு ஸ்பேஸ் ஜாஸ்தி.’

எண்ணிப் பார்த்தேன். 19 ஃப்ரேம் நிற்க வைத்திருந்தேன், ஒரு விநாடிகூட இல்லை. நிஜத்தில் அவர் அங்கே நிற்பது அதைவிட அதிகம்.